நாக்குக்குத் தெரியாத தண்ணீர்



தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிப் பேச நம்மிடம் ஆள் பஞ்சம் இருந்ததே இல்லை. காவிரி, முல்லைப் பெரியாறு, தூர்ந்துபோன ஏரிகள், 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் வந்த தண்ணீர் என்று நிறையவே பேசியிருக்கிறோம். இன்று நான் அந்தப் பக்கம் போகப்போவதில்லை. வந்து சேர்ந்துவிட்ட தண்ணீரைப் பற்றி மட்டும் பேசுகிறேன். குழாயைத் திறந்தால் கொட்டுகிறதே, அதற்குள் என்ன இருக்கிறது? அதை யார் பார்த்தார்கள்? பார்த்தவர்கள் யாரிடம் சொன்னார்கள்?

நம் வீடுகளில் தண்ணீரைச் சோதிக்கும் முதல் கருவி நாக்கு. ஒரு வாய் குடித்துப் பார்த்து, உப்பு என்றோ சவர் என்றோ தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அடுத்த சோதனை அடுப்பில்: பருப்பு வேகிறதா? அதற்கடுத்தது குளியலறையில்: சோப்பு நுரைக்கிறதா, முடி சிக்குப் பிடிக்கிறதா? இவற்றை நான் கேலி செய்யவில்லை. கால்சியமும் மெக்னீசியமும் தண்ணீரில் அதிகமானால் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தே கடினத்தன்மையை ஓரளவு சொல்லிவிடலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். கரைந்த உப்புகளின் மொத்த அளவுக்கும் இப்படி 500, 2,000 என்று இரண்டு வரம்புகள் உண்டு.

சங்கடம் என்னவென்றால், நாக்கு கண்டுபிடிக்கும் பொருள்கள் பெரும்பாலும் உடம்பைப் பெரிதாகக் கெடுக்காதவை. உடம்பைக் கெடுக்கும் புளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக், ஈயம், மலத்திலிருந்து வரும் கிருமிகள் ஆகியவற்றில் ஒன்றுகூட, நாம் குடிக்கும் அளவில், நாக்குக்குத் தெரியாது. இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நம்மைக் காப்பாற்றுவதற்கென்று தண்ணீரில் சேர்க்கும் ஒரே பொருள் குளோரின். அதை மட்டும் நாக்கும் மூக்கும் உடனே பிடித்துவிடும், பிடித்து வெறுக்கவும் செய்யும். தமிழ்நாட்டுக் குடிநீர் நிர்வாகத்தில் பல கோணல்கள் இந்த இடத்திலிருந்து தொடங்குகின்றன என்பது என் எண்ணம்.

புளோரைடிலிருந்து தொடங்குகிறேன். இந்தியாவில் புளோரைடு நோய் முதன்முதலில் பதிவானது நம் பழைய சென்னை மாகாணத்தில்தான். அன்றைய நெல்லூர் மாவட்டத்தில் உழவு மாடுகள் நடக்க முடியாமல் முடங்குவதை விவசாயிகள் 1930-களின் தொடக்கத்தில் கவனித்தார்கள். பிறகு மனிதர்களிடமும் முதுகுத்தண்டு இறுகிப்போவதும் மூட்டுகள் மடங்காமல் போவதும் தெரிந்தன. ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1937-இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். குற்றவாளி கிணற்றுத் தண்ணீர். நாள் முழுக்கக் கலப்பையில் கட்டியிருந்த மாடுதான், நாள் முழுக்க வெயிலில் நின்ற மனிதனுக்கு முன்னால் செய்தி சொன்னது.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலின் தலைமையிடம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி. அங்கே தொழிற்சாலை எதுவும் புளோரைடைக் கொட்டவில்லை. தரைக்கு அடியிலிருக்கும் கடினப் பாறையே அதன் ஊற்று. பாறையிலுள்ள தாதுக்களிலிருந்து தண்ணீர் அதை மெதுவாகக் கரைத்துக்கொள்கிறது. எவ்வளவு காலம் பாறையோடு கிடக்கிறதோ, அவ்வளவு கரையும். அதனால் ஆழம் கூடக் கூட ஆபத்தும் கூடும் வாய்ப்பு உண்டு.

இதில் வேதியியல் படிக்கும் மாணவர்கள் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. கால்சியம் அதிகமுள்ள தண்ணீரில் புளோரைடு கால்சியம் புளோரைடாகப் படிந்துவிடும்; அதிகம் கரைந்து நிற்க முடியாது. கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த மெதுநீரில்தான் புளோரைடு தாராளமாகத் தங்கும். அதாவது, சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு நன்றாக வேகும், குடித்தால் வாய்க்கு இதமாக இருக்கும் ஆழ்துளைக் கிணறே அந்த ஊரில் மோசமான கிணறாக இருக்கக்கூடும். ஊரே கூடி "இந்த போர் தண்ணிதான் நல்ல தண்ணி" என்று தேர்ந்தெடுத்து, குழந்தைகளுக்கு அதையே கொடுத்திருக்கும்.

குழந்தைகள் என்று ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், பல் உருவாகும் வயதில்தான் புளோரைடு பல்லில் ஏறும். ஏழெட்டு வயது வரை குடித்தது போதும், அந்தப் பழுப்புக் கோடுகள் ஆயுள் முழுக்க இருக்கும். எந்தப் பற்பொடியும் அதை எடுக்காது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிக்கும் பெண் பிள்ளைகளை அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பார்த்தவர்களுக்கு இது பல் மருத்துவம் மட்டும் சார்ந்த விஷயமல்ல என்று தெரியும்.

இதில் யாரையும் எளிதில் குற்றம் சொல்லிவிட முடியாது. திறந்த கிணறும் குளமும் காலராவையும் வயிற்றுப்போக்கையும் நரம்புச் சிலந்தியையும் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஆழத்தில் துளை போட்டு அடிபம்பு வைத்தார்கள். கிருமியிலிருந்து அது பல உயிர்களைக் காப்பாற்றியது. அதே துளை சில மாவட்டங்களில் பாறையின் புளோரைடைக் குடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஒரு கேட்டை விரட்டிய வழியிலேயே இன்னொன்று வந்தது. அது பல வருஷம் யார் கண்ணுக்கும் படவில்லை.

வரம்பு எவ்வளவு? லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு வழியில்லாத இடத்தில் 1.5. இந்த 1.5-ஐ நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். உலக அளவிலான வரம்புகள் பொதுவாக, ஒரு மனிதர் நாளைக்கு 2 லிட்டர் குடிப்பார் என்று வைத்துக்கொண்டு போடப்படுகின்றன. சித்திரை வெயிலில் களையெடுக்கும் பெண் 2 லிட்டரோடு நிற்பாரா? 5 லிட்டர் குடித்தால் 7.5 மில்லிகிராம் உள்ளே போகிறது. அதே தண்ணீரில் வடித்த சோறு, காய்ச்சிய டீ எல்லாம் தனிக்கணக்கு. ஒரே எண், குளிரூட்டிய அறையில் இருப்பவருக்கு ஒன்றாகவும் வரப்பில் நிற்பவருக்கு வேறாகவும் பொருள்படுகிறது.

இதற்கு நிலையான மருந்து தண்ணீரை மாற்றுவதுதான். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துப் புளோரைடைப் படியவைக்கும் நல்கொண்டா முறை நம் நாட்டிலேயே நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தில் உருவானது. நல்ல முறை. ஆனால் ஒவ்வொரு நாளும் அளவு பார்த்துப் போட ஆள் வேண்டும், கசடை அள்ள ஆள் வேண்டும். கிராமத்தில் நடக்காமல் போனதற்கு வேதியியல் காரணமல்ல. கடைசியில் காவிரியையே கொண்டுவந்தார்கள். ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம், 1,928.80 கோடி ரூபாய் மதிப்பீட்டில், 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013-இல் திறக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே புளோரைடு நோய் தணிப்பு என்று இருந்தது. ஒரு குடிநீர்த் திட்டம் தன் பெயரில் ஒரு நோயைத் தாங்கி நிற்பதை வேறெங்கும் அதிகம் பார்க்க முடியாது.

ஆனாலும் கூட்டுக்குடிநீர் வரத்துக் குறையும் நாளில் ஊராட்சி என்ன செய்யும்? பழைய ஆழ்துளைக் கிணற்றின் மோட்டாரைப் போட்டு அதே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிவிடும். 3 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரும் 0.3 உள்ள ஆற்றுத் தண்ணீரும் பாதிப் பாதி சேர்ந்தால் 1.65. மறுபடியும் வரம்புக்கு மேலே. ஊர்க்காரருக்கு இது தெரிய வழியில்லை. "ஒகேனக்கல் தண்ணி வருது" என்ற நிம்மதியோடு குடிப்பார்.

நைட்ரேட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். வயலுக்குப் போட்ட யூரியாவும், கழிப்பறைக் குழிகளிலிருந்து இறங்குவதும், மாட்டுத்தொழுவக் கழிவும் நிலத்தடி நீரில் நைட்ரேட்டாகச் சேர்கின்றன. வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். இதற்குத் தளர்வு கிடையாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிப்பது இதன் மோசமான விளைவு. நாம் செய்யும் தவறு, எல்லாவற்றுக்கும் "காய்ச்சிக் குடியுங்கள்" என்று ஒரே அறிவுரையைச் சொல்வது. காய்ச்சினால் கிருமி சாகும். புளோரைடும் நைட்ரேட்டும் சாகாது. நீர் ஆவியாகிப் போவதால் அவற்றின் செறிவு கொஞ்சம் கூடவே செய்யும்.

இப்போது கிருமிக்கு வருகிறேன். மேல்நிலைத் தொட்டியின் ஏணியடியில் நின்று பேசினால்தான் இது புரியும். தொட்டிகளில் "சுத்தம் செய்த நாள்" என்று பெயிண்டில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தொட்டியை இயக்குபவர் சொற்பச் சம்பளத்துக்கு வேலை செய்பவர். மோட்டார் போடுவது, வால்வு திறப்பது, பிளீச்சிங் பவுடர் கலப்பது எல்லாம் அவர்தான். கணக்கைப் பாருங்கள். 30,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் போடவேண்டுமென்றால் 60 கிராம் குளோரின் வேண்டும். புதுப் பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின். ஆகவே 180 கிராம் போடவேண்டும். மூட்டையின் வாய் திறந்தே ஈரத்தில் கிடந்து, வீரியம் பாதிக்கும் கீழே, 15 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். அதே 180 கிராமுக்கு 0.9 மில்லிகிராம்தான் கிடைக்கும். அவர் கணக்குப்படி சரியாகவே போட்டார். பதிவேட்டிலும் சரியாகவே இருக்கும். தண்ணீரில்தான் இருக்காது.

போட்ட அரை மணி நேரத்துக்குப் பிறகும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் நிற்கவேண்டும். அந்த மிச்சம்தான் காவலாள். தொட்டியிலிருந்து கடைசி வீடு வரைக்கும் குழாயில் எங்காவது கிருமி நுழைந்தால் அதைக் கொல்ல வேறு யாரும் இல்லை. சுகாதார ஆய்வாளர்கள் கையில் குளோரோஸ்கோப் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். நிறத்தின் அடர்த்தியைப் பார்த்து அளவு சொல்லலாம். ஆனால் அந்த 0.2 கடைசி வீட்டில் நிற்கவேண்டுமானால் தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் அதைவிடக் கூடுதலாக இருந்தாகவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைச் சுளித்துக்கொண்டு தலைவரிடம் போவார். "ஒரே மருந்து வாடை, டீகூடப் போட முடியல." தலைவர் ஆபரேட்டரைக் கூப்பிடுவார். மறுநாளிலிருந்து பவுடர் குறையும். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. ஊர் நாக்கின் விருப்பத்தைப் பஞ்சாயத்து நிறைவேற்றிவிட்டது, அவ்வளவுதான்.

குழாயில் எப்படிக் கிருமி நுழையும் என்று கேட்பீர்கள். தண்ணீர் நாள் முழுக்க அழுத்தத்தோடு ஓடினால் விரிசல் வழியே வெளியேதான் கசியும். எதுவும் உள்ளே வராது. நம் ஊர்களில் காலை ஒரு மணி நேரம், அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள். மற்ற நேரமெல்லாம் குழாய் காலி. சாக்கடை ஓரமாகவே போகும் குழாயில் இணைப்பு தளர்ந்திருந்தால், சுற்றியிருக்கும் ஈரமெல்லாம் காலிக் குழாய்க்குள் இறங்கும். போதாததற்கு, இணைப்பிலேயே நேராக மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகள். சட்டப்படி தப்பு. ஆனால் தெருவில் ஒருவர் வைத்தால் மற்றவரும் வைத்தாகவேண்டும், இல்லையென்றால் சொட்டுகூட வராது. அந்த மோட்டார் தண்ணீரை மட்டும் பார்த்து இழுக்காது. விரிசலுக்கு வெளியே என்ன நிற்கிறதோ அதையும் இழுக்கும். சுத்திகரிப்பு நிலையத்தில் பல கோடி செலவில் தெளியவைத்த தண்ணீர் கடைசி 100 மீட்டரில் கெடுகிறது. என்னைக் கேட்டால், புதிய நிலையம் கட்டுவதற்கு முன்னால் பழைய வால்வுக் குழிகளில் தேங்கிய சாக்கடையை இறைக்கச் சொல்வேன். அதற்குத் திறப்பு விழா நடத்த முடியாது என்பதுதான் தடை.

தொட்டியைப் பற்றிப் பேசிவிட்டு வேங்கைவயலைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து அந்தக் கிராமத்தில், பட்டியலின மக்கள் குடித்த மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்தது. குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகே தெரிந்தது. எந்தத் தர நிர்ணயத்திலும் இதற்கு வரம்பு எண் இல்லை. ஆனால் ஒரு தொட்டி எந்தத் தெருவுக்கு உரியது என்பதும் தண்ணீரின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்று நீரியல் பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் ஒரு அத்தியாயம் சேர்த்தாகவேண்டும்.

சரி, வசதியுள்ளவர்கள் என்ன செய்கிறார்கள்? ஆர்.ஓ. எந்திரம் வாங்குகிறார்கள். விற்பனையாளர் வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளர் வைப்பார். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், ஒன்றில் அவர் தண்ணீர். கம்பிகள் உள்ள ஒரு கருவியை விட்டு மின்சாரம் கொடுப்பார். குழாய்த் தண்ணீர் சேறாகப் பழுத்துவிடும். வீட்டம்மாவுக்கு வயிற்றைக் கலக்கும். அந்தச் சேறு தண்ணீரில் இருந்ததல்ல; கருவியின் இரும்புக் கம்பி கரைந்து துருவாக மிதக்கிறது. உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், அதனால் இரும்பு கரையும். உப்பு நீங்கிய தண்ணீரில் பாயாது. ஒரு சிட்டிகை உப்பை அவர் டம்ளரில் போட்டுவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுக்கும். இதைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்து காட்டினால் நல்ல பாடம். பல வரவேற்பறைகளில் இது வியாபாரமாக நடக்கிறது.

டி.டி.எஸ். மீட்டரும் இந்த ரகமே. பேனா போன்ற அந்தக் கருவி கரைந்த உப்புகளின் மொத்தத்தை மட்டும் தோராயமாகச் சொல்லும். அதில் புளோரைடு எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. கிருமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. 150 என்று காட்டும் தண்ணீரில் மலக்கிருமி இருக்கலாம். 700 என்று காட்டும் தண்ணீர் பாதுகாப்பாக இருக்கலாம். நாக்கை மின்னணுவாக்கினால் என்ன வருமோ, அதுதான் டி.டி.எஸ். மீட்டர். ஆர்.ஓ. வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புளோரைடும் நைட்ரேட்டும் உள்ள ஊரில், மாற்றுத் தண்ணீர் வரும் வரை அது தேவை. காவிரித் தண்ணீர் வரும் தெருவில் அதை வைத்து, ஒரு குடம் எடுக்க இரண்டு மூன்று குடம் சாக்கடையில் விடுவதைத்தான் சொல்கிறேன்.

நாக்கை இவ்வளவு குறை சொன்னதற்கு ஒரு மறுப்பையும் நானே வைக்கவேண்டும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்க, டெட்ராய்ட் நகரத்திலிருந்து வாங்கிய தண்ணீரை விட்டுவிட்டு உள்ளூர் ஆற்றுக்கு மாறியது. குழாய் அரிக்காமலிருக்கச் சேர்க்கவேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்கள் கரைந்தன. மக்கள் நிறம், நாற்றம், சுவை எல்லாம் மாறிவிட்டன என்று பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய்க் கூட்டங்களில் காட்டினார்கள். தண்ணீர் பாதுகாப்பானது என்றே அதிகாரிகள் சொன்னார்கள். அந்த அக்டோபரிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின் தொழிற்சாலையில் உதிரிபாகங்கள் துருப்பிடிப்பதால் அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று விலகிக்கொண்டது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை 2015-இல் மோனா ஹன்னா-அட்டீஷா என்ற குழந்தை மருத்துவர் காட்டிய பிறகுதான் அரசு இறங்கி வந்தது. ஈயம் நாக்குக்குத் தெரியாதுதான். ஆனால் ஏதோ மாறிவிட்டது என்று மக்களின் நாக்கு சரியாகவே சொன்னது, கேட்கத்தான் ஆளில்லை. நாக்கு நோயின் பெயரைச் சொல்லாது. மாற்றத்தைச் சொல்லும். அதைப் புகாராக எடுத்துக்கொண்டு சோதிக்கும் அலுவலகம் வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு சட்ட வழி உண்டு. 1996-இல் திருத்திய பாதுகாப்பான குடிநீர்ச் சட்டப்படி, மக்களுக்குத் தண்ணீர் தரும் ஒவ்வொரு அமைப்பும் வருடத்துக்கு ஒருமுறை, ஜூலை 1-க்குள், தன் தண்ணீரில் என்னென்ன எவ்வளவு இருந்தது என்று வாடிக்கையாளருக்கு அறிக்கை தரவேண்டும். சட்டம் இருந்தும் பிளின்ட் நடந்தது என்பது உண்மை. ஆனால் கேட்க ஒரு காகிதமாவது கையில் இருந்தது. நம்மிடம் ஐ.எஸ். 10500 இருக்கிறது. குழாயில் தண்ணீர் தரும் வாரியமோ நகராட்சியோ அதைக் கட்டாயம் பின்பற்றவேண்டும் என்று சட்டம் அவர்களைக் கட்டவில்லை. 2019 நவம்பரில் மத்திய அரசு 21 நகரங்களின் குழாய்த் தண்ணீரைச் சோதித்து வெளியிட்டபோது, எல்லா அளவுகளிலும் தேறியது மும்பை மட்டும். சென்னை தேறவில்லை. இரண்டு நாள் தலைப்புச் செய்தி, பிறகு மறந்துவிட்டோம்.

சோதனைக்கூடங்கள் இல்லாமல் இல்லை. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு. பொதுமக்களும் குறைந்த கட்டணத்தில் தண்ணீரைக் கொடுத்துச் சோதிக்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச்சோதனைப் பெட்டி கொடுத்துப் பயிற்சி தரும் ஏற்பாடு இருக்கிறது. மலக்கிருமிக்கு ஒரு சின்னக் குப்பி போதும்: தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், கெட்டிருந்தால் கறுத்துவிடும். குவாலியரின் ராணுவ ஆய்வகத்தில் 1980-களில் நம்மவர்கள் கண்டுபிடித்த எளிய முறை அது. படிப்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். எடுத்த முடிவுகள் கணினியில் ஏறி மேலே போகின்றன. கீழே, குடித்தவரிடம், திரும்பி வருவதில்லை.

தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள். புதிதாகச் சேர்த்த இரண்டில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் பாதிப் பேராவது கிராமத்திலிருந்து வந்தவர்களாக இருப்பீர்கள். அன்றைக்கு ஊருக்குப் போங்கள். வரவு செலவு வாசித்து முடித்ததும் எழுந்து, நம் தொட்டித் தண்ணீரின் சோதனை முடிவை வாசியுங்கள் என்று கேளுங்கள். புளோரைடு எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு, மிச்சக் குளோரின் எவ்வளவு, மலக்கிருமி உண்டா. நாலே விவரம். வாசிப்பார்கள், ஏதோ ஒரு தாளைத் தேடி எடுத்து வாசிப்பார்கள். அப்போது மாதிரி எங்கே எடுத்தது என்று கேளுங்கள். தொட்டியடியில் என்று பதில் வந்தால், கடைசித் தெருவின் கடைசிக் குழாயில், காலையில் தண்ணீர் திறந்த முதல் ஐந்து நிமிஷத்தில், இன்னொரு மாதிரி எடுக்கச் சொல்லித் தீர்மானம் போடச் செய்யுங்கள்.